அத்தியாயம் 6: கோசும் முள்ளங்கியும் வாடையடிக்காமல் சமைக்க

ஓசூரில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், கம்பெனி பஸ் எங்கே நிற்கும், அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. குடிவந்த பிறகு ஒருநாள் விடியற்காலையில் குக்கரில் முட்டைக்கோசு வேகும். மாலையில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் அந்த வாடை மெத்தையிலும் கொடியில் தொங்கும் யூனிஃபார்மிலும் அப்படியே இருக்கும்.

இந்த அத்தியாயம் அதைத் தவிர்ப்பது பற்றியது. ஊதுபத்தி கொளுத்துவது, ரூம் ஸ்பிரே அடிப்பது போன்ற வழிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை ஒரு வாடையோடு இன்னொன்றைச் சேர்க்கும். சின்ன அறையில் புகையையும் சேர்க்கும். காயை வாங்கும்போதும் நறுக்கும்போதும் வேகவைக்கும்போதும் கொஞ்சம் கவனித்தால் வாடையின் பெரும்பகுதி உண்டாகவே உண்டாகாது. மிச்சத்தை ஜன்னல் பார்த்துக்கொள்ளும்.

ஓசூர் வீடுகளில் இந்தத் தொல்லை கூடுதலாகத் தெரிவதற்குக் காரணங்கள் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தின் குளிர்ச்சிக்குக் கோசு, காலிஃபிளவர், நூக்கல், முள்ளங்கி, பீட்ரூட் எல்லாம் நன்றாக விளைகின்றன. தளி, கெலமங்கலம், பாகலூர், பேரிகை, சூளகிரி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் லாரி ஏறுவது போக, உள்ளூர் உழவர் சந்தைக்கும் பறித்த பச்சையோடு வந்துவிடும். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில், பெரிய அளவில் காய் புரளும் சந்தைகளில் ஒன்று ஓசூர்ச் சந்தை. வரத்து கூடினால் கோசு, முள்ளங்கி விலை மளமளவென்று இறங்கும். சம்பளத்தில் வாடகை போக மிச்சத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்களில் அந்த வாரம் முழுக்க கோசும் முள்ளங்கியும்தான். வாடை வருகிறது என்பதற்காக நல்ல காயை விட்டுவிடுவது நஷ்டம். சமைக்கும் முறையை மாற்றுவதே புத்திசாலித்தனம்.

அடுத்து வீடுகள். 1970களில் சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக எழுந்த பிறகு, வேலைக்கு வந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட லைன் வீடுகளும் ஒற்றைப் படுக்கையறை வீடுகளும் இங்கே ஏராளம். பல வீடுகளில் படுக்கைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். காலை ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு நாலரை மணிக்கே அடுப்பு பற்றவைக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் அந்த நேரத்து ஓசூர்க் குளிரில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. இரவு ஷிஃப்ட் முடித்தவரோ பகல் பதினோரு மணிக்கு அதே அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். ஆக, வாடை அதிகம் வரும் காய், காற்றோட்டம் குறைந்த அறை, மூடிய ஜன்னல், அவசரச் சமையல் எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன.

வாடை எங்கிருந்து வருகிறது

முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூக்கல், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் திசுக்களில் கந்தகம் கலந்த சில சேர்மங்கள் இருக்கின்றன. காய் முழுதாக இருக்கும்வரை அவற்றுக்கு வாடை இல்லை. கத்தி பட்டதும் செல்கள் உடைந்து, தனியாக இருந்த ஒரு நொதி அவற்றோடு கலக்கிறது. மூக்கில் ஏறும் கார நெடி அப்போது பிறக்கிறது. பச்சைக் கோசை நறுக்கும்போதும் முள்ளங்கியைத் துருவும்போதும் வருவது இதுதான். இது முதல் கட்டம்.

இரண்டாம் கட்டம் வெந்நீரில். சூடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும், அது நல்லதே. ஆனால் சூடு நீடிக்க நீடிக்க மற்றக் கந்தகச் சேர்மங்கள் சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களாக வெளியேறும். அழுகிய முட்டையின் வாடைக்குக் காரணமும் அதே ஹைட்ரஜன் சல்பைடுதான். மனித மூக்குக்கு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே அது தெரிந்துவிடும். சமையல் அறிவியல் எழுதுபவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு உண்டு: கோசு வேக ஆரம்பித்த 5ஆம் நிமிடத்துக்கும் 7ஆம் நிமிடத்துக்கும் நடுவில், வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கோசுச் சமையலில் பாதி தெரிந்த மாதிரி. கடிகாரத்தைப் பார்த்துச் சமைக்க வேண்டிய காய் அது.

குக்கரில் கோசு ஏன் அவ்வளவு வாடையடிக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஓசூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் துவரம்பருப்பும் காய்ந்த மொச்சையும் சமவெளியைவிடத் தாமதமாக வேகும். போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருந்தால் இன்னும் தாமதம். எனவே இங்கே குக்கர் இல்லாமல் குடித்தனம் இல்லை. டிடிகே பிரெஸ்டீஜ் குக்கர் ஆலையே ஓசூர் சிப்காட்டில் இருக்கிறது. பருப்புக்கும் கடலைக்கும் அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. கோசுக்கு அது வேண்டாம். உள்ளே சூடு 115 டிகிரிக்கு மேல் போகிறது. இரண்டு விசிலில் இறக்கினாலும் பிரஷர் தானாக அடங்கும்வரை கோசு வெந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு விசிலும் அந்த வாயுவை அறைக்குள் பீய்ச்சுகிறது. மூடியைத் திறக்கும்போது மிச்சமும் ஒரே மூச்சில் வெளியே வருகிறது.

கோசுக் கூட்டு, நிமிடக் கணக்கில்

சந்தையில் கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். இலைகள் இறுக மூடியிருக்க வேண்டும். அடித்தண்டு வெட்டிய இடம் வெளிர்ப் பச்சையாகவோ வெள்ளையாகவோ ஈரத்தோடு இருந்தால் புதுசு. பழுப்பேறி வெடித்திருந்தால் நாள்பட்டது. நாள்பட்ட கோசு எப்படிச் சமைத்தாலும் கூடுதலாகத்தான் வாடையடிக்கும். மேல் இலைகள் இரண்டு மூன்றை உரித்துவிடுங்கள். நடுத்தண்டைக் கூம்பாக வெட்டி எடுத்துவிடுங்கள். தண்டு மற்ற பகுதியோடு சேர்ந்து வேகாது. அது வேகட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் இலை அளவுக்கு மேல் வெந்து வாடை கிளம்பும்.

முதல் நாள் இரவே நறுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் சமைக்கிற பழக்கம் ஷிஃப்ட் வீடுகளில் நிறைய. பீன்ஸ், கேரட், அவரைக்கு அது சரி. கோசு, முள்ளங்கிக்குச் சரிவராது. நறுக்கியதும் தொடங்கும் அந்த முதல் கட்ட வேலை ராத்திரி முழுக்க டப்பாவுக்குள் நடந்துகொண்டிருக்கும். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தாலே தெரியும். நேரம் மிச்சப்பட வேண்டுமென்றால் கோசை நாலாக மட்டும் வெட்டித் துணியில் சுற்றி வையுங்கள். காலையில் பொடியாக நறுக்க மூன்று நான்கு நிமிடம் போதும்.

கூட்டுக்குப் பாசிப்பருப்பைத் தனியாகக் குக்கரில் வேகவைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு அடுப்பில் வாயகன்ற பாத்திரத்தில் கோசு முழுக அளவுக்குத் தண்ணீர் வைத்து, தளதளவென்று கொதித்த பிறகு கோசைப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் கோசைப் போட்டு அப்புறம் அடுப்பை மூட்டினால், தண்ணீர் சூடேறும்வரை நொதி சும்மா இருக்காது. கொதிநீரில் போட்டால் உடனே அடங்கிவிடும். மூடி வேண்டாம். முதல் இரண்டு நிமிடத்தில் ஒரு பச்சை வாடை ஆவியோடு மேலே வரும். அது லேசானது, ஜன்னல் வழியே போய்விடும். மூன்றாம் நிமிடத்தில் இலை கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும். நாலாம் நிமிடம் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நறுக்கென்று இல்லாமல், குழையாமலும் இருந்தால் அதுதான் பதம். தண்ணீரை வடித்துவிட்டு, வெந்த பருப்பில் கோசைச் சேர்த்து, அரைத்த தேங்காய் சீரகம் போட்டு ஒரே ஒரு கொதி. தாளிப்பில் பெருங்காயத்தை எண்ணெயில் பொரியவிடுங்கள். அதன் நெடியும் கந்தகத்தால் வருவதே. எண்ணெயில் பொரிந்தால் வதங்கிய வெங்காயத்தின் மணத்துக்கு மாறி, கோசில் மிச்சமிருக்கும் வாடையோடு இதமாகச் சேர்ந்துகொள்ளும்.

வடித்த தண்ணீரைச் சூடாகச் சிங்க்கில் கொட்டாதீர்கள். அந்த ஆவிதான் வீடெல்லாம் பரவும். ஆறவைத்து, உப்பு போடாத தண்ணீரென்றால் செடிக்கு ஊற்றலாம். ஓசூரில் கன்னடம், தெலுங்கு பேசும் வீடுகளில் பஸ்ஸாரு என்று ஒன்று வைப்பார்கள்: கீரையும் பயறும் வெந்த தண்ணீரை வடித்துச் சாறாக்கி, வெந்ததைத் தனியே தாளித்துப் பொரியலாக்குவார்கள், ராகிக் களிக்கு இரண்டும் ஆகிவிடும். திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைப்பதால் கீரையின் பச்சை வாடை தங்குவதில்லை, சத்தும் வீணாவதில்லை. கோசுத் தண்ணீரை அப்படிச் சாறாக்கினால் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. கீரைக்கு அந்த முறை அருமை.

பொரியலானால் தண்ணீரே வேண்டாம். இரும்புக் கடாய், நல்ல தீ, தாளித்ததும் கோசு, திறந்தபடி கிளறல், ஐந்து நிமிடம். உப்பைக் கடைசி நிமிடத்தில் போடுங்கள். முன்னாடியே போட்டால் கோசு தண்ணீர் விட்டு, வதங்குவதற்குப் பதில் தன் தண்ணீரிலேயே வெந்துகொண்டிருக்கும்.

சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும் என்று சிலர் சொல்வார்கள். போடாதீர்கள். காய் கூழாகும், வைட்டமின்கள் அழியும், காரத்தன்மை கூடும்போது கந்தக வாடையும் கூடும்.

முள்ளங்கி

கோசைவிட முள்ளங்கிதான் வீட்டில் சண்டையைக் கிளப்பும் காய். அதன் வாடையில் மீத்தேன்தயால் என்றொரு கந்தகச் சேர்மம் இருக்கிறது. நறுக்கி மூடிவைத்த டப்பாவைத் திறந்ததும் ஆளைத் தூக்கியடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கார நெடி தோலிலும் தோலை ஒட்டிய பகுதியிலும் அதிகம். எனவே வெள்ளை முள்ளங்கியைத் தோல் சீவியே சமையுங்கள். நடுத்தரப் பருமனில், வளைத்தால் படக்கென்று ஒடிகிற மாதிரி இருப்பதை வாங்குங்கள். உள்ளே பஞ்சு பாய்ந்தது வேண்டாம்.

பருப்போடு முள்ளங்கியையும் குக்கரில் போடுவதை நிறுத்தினாலே சாம்பார் வேறு மாதிரி ஆகிவிடும். வட்டமாக நறுக்கி, ஒரு கரண்டி எண்ணெயில், மூடாமல், ஓரங்கள் கண்ணாடியாகும்வரை வதக்குங்கள். நெடி கிளம்பி, கொஞ்ச நேரத்தில் தணிந்து, ஒரு இனிப்பு மணம் வரும். அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள்தூள் போட்டு வேகவிடுங்கள். புளியை முள்ளங்கி வெந்த பிறகே ஊற்ற வேண்டும். முன்னாடி ஊற்றினால் புளிப்பில் காய் இறுகி, வேக நேரமெடுத்து, வாடைக்கு இடம் கொடுக்கும்.

கோசம்பரிக்குப் பச்சையாகத் துருவுவதென்றால் இலை போட்ட பிறகு துருவி, எலுமிச்சை பிழிந்து, அப்போதே பரிமாறுங்கள். அதை டப்பாவில் கட்டிக்கொடுக்காதீர்கள்.

மற்றவை

காலிஃபிளவரில் புழு போக வேண்டும் என்று உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைக்கிறார்கள். வாடை அங்கேயே பிறந்துவிடுகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, பூவைப் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். புழு வெளியே வர அது போதும். பிறகு எண்ணெயில் வதக்கினால் வறுத்த கடலை போன்ற மணம் வரும்.

பீட்ரூட்டின் வாடை வேறு வகை. முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து வரும் மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதிலும் இருக்கிறது. பலருக்கு மழை மணம் பிடிக்கும், தட்டில் அதே மணம் பிடிக்காது. அது தோலில் அதிகம். நன்றாகத் தேய்த்துக் கழுவி, தோலோடு குக்கரில் வேகவைத்து, ஆறியதும் தோலை உரித்துவிடுங்கள். புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் சிதைந்துவிடும். அதனால் பீட்ரூட்டுக்குத் தயிர்ப் பச்சடியோ, கடைசியில் எலுமிச்சை பிழிந்த பொரியலோ பொருத்தம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கொள்ளு நிறைய. அதன் பச்சை வாடை பிடிக்காதவர்கள் வெறும் சட்டியில் சிவக்க வறுத்துவிட்டு ஊறவைத்து வேகவையுங்கள். குடைமிளகாயை நீண்ட நேரம் வேகவிடாமல் நல்ல தீயில் சட்டென்று வதக்கி இறக்குங்கள்.

டிபன் பாக்ஸ்

காலை ஐந்து மணிக்குக் கட்டிய டப்பாவை ஆலை கேண்டீன் மேசையில் பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளித்தால், சமைத்தவருக்கும் சாப்பிடுபவருக்கும் சங்கடம். புதிதாக வேலைக்குச் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண் பிள்ளைகள் இதற்காகவே காய் கட்டிக்கொண்டு போவதை விட்டுவிடுகிறார்கள். இது மாற வேண்டும். மாற்றுவது கடினமும் அல்ல.

சூடான பொரியலை அப்படியே டப்பாவில் அடைத்து மூடினால், அது டப்பாவுக்குள்ளேயே மேலும் வேகிறது. வெளியேற வேண்டிய வாயுவும் உள்ளேயே தங்குகிறது. தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கட்டுங்கள். டப்பாவுக்குக் கட்டும் கோசை வழக்கத்தைவிட ஒரு நிமிடம் முன்னாடியே இறக்குங்கள். தேங்காய் சேர்க்க வேண்டாம். மதியத்துக்குள் அது ஊசிப்போகும், அந்தப் புளித்த வாடைக்கும் கோசுதான் பழி சுமக்கும்.

டப்பாவையும் பாருங்கள். மூடியின் விளிம்பில் ஒரு ரப்பர் அல்லது சிலிக்கோன் வளையம் இருக்கும். கத்தி முனையால் மெதுவாக நெம்பி எடுத்தால் அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் கறுத்த ஈரமும் தெரியும். நேற்றைய முள்ளங்கி இன்றைய தயிர் சாதத்தில் மணப்பது அங்கிருந்துதான். வாரம் ஒருமுறையாவது வளையத்தைத் தனியே எடுத்து, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்து, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். குக்கர் காஸ்கட்டுக்கும் இதே வைத்தியம். பிளாஸ்டிக் டப்பா வாடையை உறிஞ்சிக்கொள்ளும்; கோசு, முள்ளங்கிக்கு எவர்சில்வர்தான்.

அறையில் காற்று

வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வராவிட்டால் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் மட்டும் போடும். அடுப்படி ஃபேனைப் போட்டுவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலையோ வாசற்கதவையோ நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள். குளிர்காலத்திலும் அந்த நான்கு விரல் இடைவெளி போதும். சமைக்க ஆரம்பிக்கும் முன்பே ஃபேனைப் போட்டு, முடித்தபின் பதினைந்து நிமிடம் ஓடவிட வேண்டும். ஃபேன் இல்லாத வீட்டில் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலருகில் வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் அதே வேலையைச் செய்யும்.

சிம்னி வாங்குகிறவர்கள் குழாய் வழியே காற்றை வெளியேற்றுவதை வாங்குங்கள். குழாய் இல்லாத வகை காற்றைக் கரி வடிகட்டியில் விட்டுத் திரும்ப அறைக்கே அனுப்பும்; கரியை அவ்வப்போது மாற்றாவிட்டால் பயனில்லை. வலை வடிகட்டியில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கே நாளடைவில் தனி வாடையாகிவிடும் என்பதால், வெந்நீரில் சலவைச் சோடா போட்டு மாதம் ஒருமுறை ஊறவைத்துக் கழுவுங்கள்.

சமைக்கும் முன் படுக்கையறைக் கதவை மூடுங்கள். கதவே இல்லாத ஒற்றை அறையென்றால் யூனிஃபார்மை பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். ஈரத்துணி வாடையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கோசு வேகும் நேரத்தில் அறைக்குள் துணி காயப்போடாதீர்கள்.

பக்கத்து வீட்டு வாடை பற்றியும் சொல்ல வேண்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்து ஓசூர் ஆலைகளில் உழைப்பவர்கள் கடுகெண்ணெயில் சமைக்கிறார்கள். அதன் நெடி பிடிக்கவில்லை என்று வீடு தர மறுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அந்த நெடிக்குக் காரணமான அல்லைல் ஐசோதயோசயனேட், நாம் கோசு நறுக்கும்போதும் பிறக்கிறது. ஒரே குடும்பத்துச் செடிகள், ஒரே வேதிப்பொருள். கடுகெண்ணெயை மிதமான தீயில் லேசாகப் புகை தெரியும்வரை காய்ச்சி, தீயைக் குறைத்துவிட்டால் நெடி போய்விடும். அந்த ஒரு நிமிடம் ஃபேன் ஓடினால் போதும். இரண்டு வீட்டு அடுப்படி ஜன்னல்களும் ஒரே சந்துப் பக்கம் பார்த்தபடி இருந்தால், யார் எப்போது சமைக்கிறார்கள் என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது. மணத்தை வைத்து மனிதர்களை ஒதுக்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சமைத்து முடித்து வெகுநேரமாகியும் வாடை போகவில்லையென்றால் குப்பைக்கூடையைப் பாருங்கள். கோசின் மேல் இலைகளும் முள்ளங்கித் தோலும் மூடிய கூடையில் ஒரு இரவு கிடந்தால் வெந்த கோசைவிட மோசமாக நாறும். செய்தித்தாளில் சுற்றி அன்றன்றே வெளியேற்றுங்கள். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் இருந்தால் கோசு இலையை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். முள்ளங்கிக் கீரையை எறியாதீர்கள். பாசிப்பருப்புப் போட்டுப் பொரியலாக்கினால் நன்றாக இருக்கும்.

கோசு வேகாதபோது கோசு வாடை வந்தால்

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், சமைக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை அதில் கலக்கிறார்கள். அது அழுகிய கோசுபோல நாறும். அடிக்கடி கோசும் முள்ளங்கியும் சமைக்கிற வீட்டில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிப்போய், கசிவைக் காய் வாடை என்று நினைத்துவிடும் ஆபத்து உண்டு. அடுப்பில் காய் எதுவும் இல்லாதபோது அந்த வாடை வந்தால், ரெகுலேட்டரை மூடுங்கள். ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தீக்குச்சி கூடவே கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்போது ஆகாது. இந்த வாயு காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தங்கும். ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, வாசற்கதவையும் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906. சிலிண்டர் தீரும் தறுவாயில் வாடை கொஞ்சம் தூக்கலாக வருவதுண்டு. அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

வாடை வேண்டியிருக்கிற காய்

மேலே சொன்ன எதையும் பச்சை மொச்சைக்குச் செய்துவிடாதீர்கள். கார்த்திகை தொடங்கி மாசி வரை ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிச் சந்தைகளில் கூடைகூடையாகக் குவியும் இந்த அவரைக் காயின் தோலைத் தொட்டால் விரலில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டும், கூடவே அடர்த்தியான ஒரு மணம். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அந்த மணத்தைச் சொகடு என்பார்கள். அந்த மணம் உள்ள காய்க்குத்தான் விலை. பனி விழ விழ மணம் ஏறும் என்பது இங்கே விவசாயிகளின் நம்பிக்கை. பெங்களூரு வி.வி.புரத்தில் தை மாதத்தை ஒட்டி இந்த ஒரு காய்க்காகவே திருவிழா நடக்கிறது. புதிதாக ஊருக்கு வந்தவர்களுக்கு இந்த மணம் முதலில் வாடையாகத் தோன்றலாம். ஒரு குளிர்காலம் பழகுங்கள்.

வாங்கும்போது தோலைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்; மணமில்லாதது சீசன் தவறிய காய். வீட்டில் தோலோடு கழுவி, அப்புறம் உரியுங்கள். உரித்த பயற்றைப் பலமுறை அலசினால் மணம் போய்விடும். பிதுக்குப் பருப்புக்கு உரித்த பயற்றை இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் மேல்தோல் கழன்று, பச்சைப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழும். நேரம் பிடிக்கும் வேலை. இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்வார்கள்.

பிதுக்கிய பருப்பைக் குக்கரில் போட வேண்டாம், குழைந்துவிடும். மண்சட்டியில் மூடி போட்டு, சிறு தீயில் வேகவிடுங்கள். பூண்டும் கரம் மசாலாவும் பெருங்காயமும் இங்கே அளவோடு. இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய மணம் அடியோடு காணாமல் போகும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் தேங்காய் அரைத்து ஊற்றி, பச்சை வாடை போக ஒரு கொதி வந்ததும் இறக்கி, சூடான ராகிக் களிக்கு ஊற்றுங்கள். பிதுக்கிய தோலை அன்றே மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். ஊறிய தோல் ஒரு பகல் கூடையில் கிடந்தால் புளித்துவிடும்.